கல்லுக்குள் நுழைந்த வெளிச்சம்

மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலையின் உயரம் என்ன? இருபதாம் நூற்றாண்டின் கலை வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை 434 சென்டிமீட்டர் என்று அச்சிட்டிருந்தன. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் லெவாய் அந்த எண்ணை நம்பித்தான் திட்டம் போட்டார். 1998–99 கல்வியாண்டில் அவரும் அவருடைய குழுவினரும் இத்தாலிக்குப் போய், ஃபிளாரன்ஸ் நகரின் அக்காதெமியா அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்தச் சிலையை லேசரால் அளக்க முனைந்தார்கள். ஸ்கேனரை ஏற்றி இறக்கும் உலோகக் கோபுரத்தை நூல்கள் சொன்ன உயரத்தை வைத்தே செய்திருந்தார்கள். அது போதவில்லை. பீடத்தை விட்டுவிட்டே சிலை 517 சென்டிமீட்டர் இருந்தது. கோபுரத்தை இன்னும் உயர்த்திக் கட்டிய பிறகே தலைமுடி வரை போக முடிந்தது.

83 சென்டிமீட்டர் சிறிய பிழை இல்லை. 1504 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்ட நாளிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் அண்ணாந்து பார்த்த சிலை அது. ஓவியர்கள் அதைப் பார்த்து வரைந்து பழகினார்கள். சுண்ணச் சாந்தில் அச்செடுத்தார்கள். இன்னொரு பளிங்குக் கல்லில் முழு அளவு நகல் செதுக்கி, 1910இல் சிலை முன்பு நின்ற சதுக்கத்திலேயே நிறுத்தினார்கள். இத்தனைக்குப் பிறகும் பிழையான எண் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு அப்படியே போய்க்கொண்டிருந்தது. சிலைகளை நகலெடுக்கும் இன்றைய தொழில்நுட்பத்தை இந்த உயரக் கதையிலிருந்து தொடங்குவது பொருத்தம் என்று நினைக்கிறேன். ஸ்கேனரின் வேலை அளப்பது. அதன் பெருமையும் அதன் எல்லையும் அந்த ஒரு வேலைக்குள்ளேயே இருக்கின்றன.

லெவாய் குழு அளக்க விரும்பியது உயரத்தையும் அகலத்தையும் மட்டுமல்ல. மைக்கேலாஞ்சலோவின் உளித்தடங்கள் அவர்களுக்கு வேண்டும். அக்காதெமியாவில் தாவீதுக்குப் போகும் வழியில் அவர் பாதியில் விட்ட அடிமைகளின் சிலைகளும் புனித மத்தேயுவின் சிலையும் நிற்கின்றன. பல் உளி இழுத்த இணைகோடுகள் அவற்றில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அந்தக் கோடுகள் கணினியில் தெரிய வேண்டுமானால், கால் மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு புள்ளி வீதம் கல்லின் மேற்பரப்பு முழுவதையும் அளந்தாக வேண்டும். ஐந்து மீட்டர் உயரச் சிலைக்குக் கால் மில்லிமீட்டர் என்றால், மொத்த நீளத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய பொருளை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் கருவி கடையில் கிடைக்கவில்லை. தனியாகச் செய்யச் சொல்லி வாங்கினார்கள்.

அடிப்படைக் கொள்கை மிகப் பழையது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஓர் இடத்தின் கோணங்களைப் பார்த்து, அந்த இடத்தின் தூரத்தைக் கணக்கிட்டார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரிந்துவிடும். இந்தியா முழுவதையும் அளந்த நில அளவைப் பணி அங்கிருந்துதான் கிளம்பியது. லேசர் ஸ்கேனரும் அதே முக்கோணத்தைத்தான் வரைகிறது. ஒரு முனையில் லேசர். அது சிலையின் மீது மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றை விழச் செய்கிறது. மறுமுனையில், சற்றுத் தள்ளி, ஒரு கேமரா. மூக்கின் மேல் விழும்போது கோடு ஒரு பக்கம் வளைகிறது, கண்குழியில் விழும்போது மறுபக்கம். எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். கோட்டை மெதுவாக நகர்த்தினால் ஒரு பட்டை முழுவதும் அளவாகிவிடும்.

இந்தக் கணக்கில் சொல்லாமல் விட்ட ஓர் அனுமானம் இருக்கிறது. லேசர் பட்ட இடத்திலேயே வெளிச்சம் திரும்பிவிடும் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. களிமண்ணிலும் சுண்ணச் சாந்திலும் ஏறத்தாழ அப்படித்தான் நடக்கிறது. பளிங்கில் நடப்பதில்லை. பளிங்கு நுண்ணிய கால்சைட் படிகங்கள் நெருக்கமாகக் கட்டிய கல். லேசர் ஒளியில் ஒரு பகுதி அதற்குள் நுழைந்து, படிகம் படிகமாக மோதிச் சிதறி, நுழைந்த இடத்துக்குப் பக்கத்தில் வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. கூர்மையாக இருக்க வேண்டிய கோடு கசிந்து தடிமனாகிவிடுகிறது. அதன் மையம் எது என்பதைக் கேமரா தவறாகக் கணிக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்ற அறிவியலாளர்கள் லெவாயுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். பளிங்கின் மேற்பரப்பு உண்மையில் இருப்பதைவிடச் சுமார் 40 மைக்ரோமீட்டர் உள்ளே இருப்பதாக ஸ்கேனர் காட்டுகிறது என்பது அவர்கள் கண்டது. மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நகலெடுப்பவருக்கு இது பொருட்படுத்த வேண்டாத பிழை.

ஆனால் அந்தச் சிறிய பிழைக்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. கல்லுக்குள் நுழைந்து வெளியே வரும் அந்த ஒளிதான் பளிங்குச் சிலைக்கு உயிருள்ள தோலின் மென்மையைத் தருகிறது. நம் தோலும் ஒளியை உள்ளே வாங்கிச் சிதறடித்து வெளியே விடுகிறது. கிரேக்கர் காலம் முதல் சிற்பிகள் மனித உடலுக்குப் பளிங்கை நாடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். லெவாயும் ஹென்ரிக் வான் யென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், பாட் ஹன்ரஹான் ஆகியோரும் இந்தச் சிதறலைக் கணினியில் விரைவாகக் கணக்கிடும் முறையை 2001இலேயே வெளியிட்டார்கள். அதுவரை களிமண் பொம்மை போலிருந்த கணினி முகங்கள் அதற்குப் பின் திரையில் மனித முகங்களாயின. யென்சன், மார்ஷ்னர், ஹன்ரஹான் மூவருக்கும் 2004இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. ஸ்கேனரை ஏமாற்றிய வெளிச்சமும் பார்ப்பவரை ஈர்க்கும் வெளிச்சமும் ஒன்றுதான். நகல்கள் எங்கே தோற்கின்றன என்று பார்க்கும்போது இது மீண்டும் நம் முன்னால் வந்து நிற்கும்.

தாவீதை ஸ்கேன் செய்தது இரவுகளில், பார்வையாளர்கள் போன பிறகு. 22 பேர், மொத்தம் 1,080 மனித மணிநேரம், தனித்தனியாகக் குறிவைத்த 480 ஸ்கேன்கள், நிறத்துக்காக எடுத்த 7,000 படங்கள். கணினியில் சேர்ந்தவை 200 கோடி முக்கோணங்கள். எண்கள் பிரமிக்க வைக்கின்றன. உண்மையான தலைவலி இனிமேல்தான்.

ஒரே இடத்திலிருந்து பார்த்தால் சிலையின் ஒரு பகுதிதான் தெரியும். அந்த 480 துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்தி ஒரே உடலாக்க வேண்டும். பால் பெஸ்ல், நீல் மெக்கே இருவரும் 1992இல் வெளியிட்ட வழிமுறை இன்றும் இதற்கு அடித்தளமாக இருக்கிறது. அடுத்தடுத்த இரு துண்டுகளில் ஒன்றின் மேலொன்று வரும் பகுதியை எடுத்துக்கொள். முதல் துண்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டாவதில் மிக அருகில் உள்ள புள்ளியைத் தேடு. மொத்த இடைவெளி குறையும்படி இரண்டாவது துண்டைக் கொஞ்சம் நகர்த்து, கொஞ்சம் திருப்பு. மறுபடி தேடு, மறுபடி நகர்த்து. இடைவெளி இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை இதையே செய். எளிமையான யோசனை, வியக்கத்தக்க விதத்தில் வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு பொருத்தலிலும் மயிரிழைப் பிழை ஒன்று தங்குகிறது. சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கடைசித் துண்டை முதல் துண்டோடு சேர்க்கும்போது அத்தனை பிழைகளும் கூடி விளிம்புகள் ஒட்டாமல் நிற்கின்றன. அந்தப் பிழையை எல்லாத் துண்டுகளுக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் இருந்தது. ஸ்கேனரே கனமான கருவி. அதன் சட்டம் சற்று வளைந்தாலும் அளவும் அதோடு சேர்ந்து வளைந்துவிடும். துண்டுகளை விறைப்பாக வைத்துக்கொண்டு எவ்வளவு நகர்த்தினாலும் பொருந்தாது; துண்டையே கொஞ்சம் நெகிழ விட வேண்டும். பெனடிக்ட் பிரவுன், ஷிமோன் ருசின்கீவிச் இருவரும் அதற்கான கணக்கை 2007இல் வெளியிட்டார்கள். கால் மில்லிமீட்டர் நுணுக்கத்தில் முழுமையான தாவீது, சுமார் 100 கோடி முக்கோணங்களோடு, 2009இல்தான் வெளிவந்தது. அளக்க எடுத்தது ஒரு மாத அளவு. அளந்ததை ஒன்றுசேர்க்கப் பத்து ஆண்டுகள்.

அப்போதும் மாதிரியில் ஓட்டைகள் இருந்தன. சுருள்முடியின் ஆழங்களுக்கும் விரல் இடுக்குகளுக்கும் லேசரும் கேமராவும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்க வழியில்லை. அந்த இடங்களைக் கணினி தானாக நிரப்பித் தரும்; சுற்றியுள்ள பரப்பு எப்படி வளைகிறதோ அப்படியே உள்ளேயும் வளைந்திருக்கும் என்று ஊகித்து ஒரு தோலை இழுத்துப் போர்த்தும். இந்த இடத்தில் நான் கறாராக இருக்க விரும்புகிறேன். அளந்த பரப்பையும் ஊகித்த பரப்பையும் ஒரே நிறத்தில் காட்டும் மாதிரி, ஆவணம் என்ற தகுதியை இழந்துவிடுகிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும். பயன்படுத்துகிறவருக்கு எதை நம்புவது என்று தெரியாது. நல்ல ஆய்வகங்கள் ஓட்டையை ஓட்டையாகவே விட்ட கோப்பு ஒன்றைத் தனியாக வைத்திருக்கின்றன.

அளந்ததன் பலன் அந்த முழு நுணுக்க மாதிரி வருவதற்கு முன்பே, நுணுக்கம் குறைந்த மாதிரிகளிலேயே தெரிந்தது. மூடிய பரப்பு கிடைத்துவிட்டால் கன அளவைக் கணக்கிடலாம். தாவீது இரண்டு கன மீட்டருக்குச் சற்று அதிகம். பளிங்கின் அடர்த்தியால் பெருக்கினால் ஐந்தரை முதல் ஆறு டன் எடை. ஒரு தராசும் இல்லாமல் கிடைத்த எடை இது. முகத்தை நேர் எதிரே, அதே உயரத்திலிருந்து பார்க்க முடிந்தபோது, இரு விழிகளும் ஒரே திசையை நோக்கவில்லை என்பதும் தெரிந்தது. தரையில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. சிலையின் 500ஆம் ஆண்டையொட்டி 2004இல் முடிந்த துப்புரவுப் பணியின்போது, பீசா நகர ஆய்வாளர்கள் அப்படியொரு மாதிரியின் மீது கணினியில் மழையையும் தூசியையும் பொழிய விட்டார்கள். 1873 வரை சிலை வெட்டவெளியில் நின்றது. தலையுச்சி, தோள், பாதம் என்று எந்தெந்தப் பரப்பில் எவ்வளவு விழுந்திருக்கும் என்று கணக்கு வந்தது. கல்லின் மேல் கண்ணால் கண்ட அழுக்கோடும் அரிப்போடும் அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

தொடாமல் அளப்பது எவ்வளவு பெரிய வரம் என்பது பழைய முறையைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகலெடுக்க வழக்கமான வழி சிலையின் மேல் சாந்தைப் பூசி அச்செடுப்பது. ஒட்டாமல் இருக்க எண்ணெயோ சோப்போ தடவுவார்கள். அது கல்லுக்குள் ஊறும். அச்சைப் பிரிக்கும்போது பழைய வண்ணத்தின் எச்சங்களும் சேர்ந்து பிய்ந்து வரும். ஆனாலும் அந்தக் காலத்தவர்களின் ஆசை பெரியது. லண்டனின் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தை நடத்திய ஹென்றி கோல், உலகின் சிறந்த சிற்பங்களின் அச்சுகளை எல்லா நாடுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை எழுதி, 1867இல் பாரிஸ் கண்காட்சியின்போது ஐரோப்பிய இளவரசர்கள் 15 பேரைக் கையெழுத்திட வைத்தார். அவருடைய மகன் ஹென்றி ஹார்டி கோல் இந்தியாவில் படை அதிகாரி. சாஞ்சித் தூபியின் கிழக்குத் தோரணவாயிலை 1869–70இல் அவர்தான் அச்செடுத்தார். மூட்டை மூட்டையாகச் சாந்து கப்பலில் வந்து, மாட்டுவண்டிகளில் சாஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து மீட்டர் உயரத் தோரணத்தைத் துண்டு துண்டாக அச்செடுத்துக் கொண்டுபோனார்கள். அதன் வார்ப்புகள் லண்டனுக்கு மட்டுமின்றி மற்ற ஐரோப்பிய நகரங்களுக்கும் போயின.

அந்த வார்ப்புகளில் ஒன்று பெர்லினில் இருந்தது. 150 ஆண்டுகள் கழித்து அதை ஸ்கேன் செய்து, அந்த அளவைக் கொண்டு இயந்திரக் கைகள் மணற்கல்லைக் குடைந்தன. கடைசிச் செதுக்கலைக் கல்தச்சர்கள் கையால் முடித்தார்கள். ஹம்போல்ட் ஃபோரம் கட்டடத்துக்கு வெளியே 2022 முதல் அந்தத் தோரணம் நிற்கிறது. அசல் கல், சாந்து அச்சு, வார்ப்பு, லேசர், எந்திர உளி, மனிதக் கை என்று அது எத்தனையோ படிகளைக் கடந்து வந்திருக்கிறது.

பழைய வார்ப்புகளை ஸ்கேன் செய்வதை இரண்டாந்தர வேலை என்று நினைக்க வேண்டாம். கல் வயதாகிக்கொண்டே போகிறது. வார்ப்பு அச்செடுத்த நாளில் நின்றுவிடுகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் எம்மா பெய்ன் இதை அளந்தே காட்டினார். ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலில் எல்ஜின் பிரபு விட்டுவந்த சிற்பங்களை அவருடைய ஆட்கள் 1802 அளவில் அச்செடுத்திருந்தார்கள். பெய்ன் அந்த வார்ப்புகளையும் இன்றுள்ள கல்லையும் முப்பரிமாணமாக ஸ்கேன் செய்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். 2019இல் வெளியான முடிவின்படி, கல்லில் இன்று இல்லாத முக நுணுக்கங்கள் சில வார்ப்பில் இருக்கின்றன. அச்செடுத்த பிறகு யாரோ உடைத்தவை, காற்றும் புகையும் தின்றவை அவை. சில இடங்களில் வார்ப்பவர்கள் தாங்களாகவே முகத்தைச் சீர்செய்து ஒட்டியிருப்பதும் அதே ஒப்பீட்டில் வெளியானது. ஓட்டையை ஊகத்தால் நிரப்பும் பழக்கம் கணினிக்கு முன்பே இருந்தது.

அளக்காமலேயே சிலை போய்விட்டால்?

2015 பிப்ரவரி இறுதியில், ஈராக்கின் மோசுல் அருங்காட்சியகத்தில் ஐ.எஸ். அமைப்பினர் சிற்பங்களைச் சம்மட்டியால் உடைக்கும் காணொளி வெளிவந்தது. உடைந்தவற்றில் நிம்ரூடிலிருந்து வந்த பெரிய அசிரியக் காவல் சிங்கமும் ஒன்று; ஏறத்தாழ 2,900 ஆண்டுப் பழமை. மேத்யூ வின்சென்ட், சான்ஸ் காஃபனவர் என்ற இரு ஆய்வாளர்கள் அடுத்த சில நாட்களிலேயே ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள்: மோசுலுக்குப் போனவர்கள் எடுத்த படங்களை அனுப்புங்கள். சுற்றுலாப் பயணிகளும் படைவீரர்களும் எப்போதோ எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து சிங்கத்தின் முப்பரிமாண மாதிரி உருவானது. 2019இல் அதன் அச்சு நகல் ஒன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

படங்களிலிருந்து வடிவம் எப்படி வருகிறது? இதுவும் முக்கோணம்தான், தலைகீழாக. இங்கே கேமரா எங்கே நின்றது என்று தெரியாது. ஆகவே கணினி முதலில் எல்லாப் படங்களிலும் பொதுவான அடையாளங்களைத் தேடுகிறது: ஒரு வெடிப்பு, எழுத்தின் ஒரு முனை, கறையின் ஓரம். ஒரே அடையாளம் பல படங்களில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்பதை வைத்து, கேமராக்கள் நின்ற இடங்களையும் அடையாளத்தின் இடத்தையும் ஒன்றாகவே தீர்க்கிறது. ஆயிரக்கணக்கான அடையாளங்கள் கிடைத்தால் விடை உறுதியாகிறது. ஆனால் படங்கள் ஒரு செய்தியை மட்டும் ஒருபோதும் சொல்லாது: அளவு. சிங்கம் இரண்டு மீட்டரா, இரண்டு அங்குலமா என்பது வடிவத்திலிருந்து தெரியாது. நீளம் தெரிந்த ஒரு பொருளாவது சட்டத்துக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் தொல்லியலாளர்கள் எதைப் படமெடுத்தாலும் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கோல் ஒன்றை வைக்கிறார்கள். யாரும் படமெடுக்காத பக்கமும் மாதிரியில் வராது. அருங்காட்சியகங்களில் எல்லோரும் முன்னால் நின்றே படமெடுக்கிறோம்.

2016 ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வைத்த பால்மைரா வளைவும் படங்களிலிருந்து வந்ததே. சிரியாவின் அந்த ரோமானிய வளைவை 2015 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஜிட்டல் தொல்லியல் நிறுவனம் என்ற அமைப்பு, இத்தாலியின் கராராவில் எந்திரங்களைக் கொண்டு எகிப்தியப் பளிங்கில் அதைச் செதுக்க வைத்தது. அசலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அளவு. நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அசல் வளைவில் செறிந்திருந்த இலைக்கொடிச் செதுக்கல்களின் ஆழம் அதில் இல்லை. படங்களில் போதிய விவரம் இல்லாத இடத்தை மழுக்கிவிட்ட வழவழப்பு அது. அழிந்த கல்லை மீட்டுவிட்டோம் என்று அதன் முன்னால் நின்று பேசியது அளவுக்கு மீறிய பேச்சு.

இனி அச்சுக்கு வருவோம். அமெரிக்கரான சக் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் காப்புரிமை பெற்ற முறைதான் முப்பரிமாண அச்சின் தொடக்கம். தொட்டியில் உள்ள திரவப் பிசினின் மேல் புற ஊதா ஒளியால் வரைந்தால், வரைந்த இடம் மட்டும் கெட்டியாகும். அதைக் கொஞ்சம் இறக்கி அடுத்த அடுக்கை வரையலாம். பிறகு உருக்கிய பிளாஸ்டிக் இழையைப் பிழிவது, தூளின் மேல் பசை தெளிப்பது என்று பல முறைகள் வந்தன. எல்லாமே அடுக்குகள்தான். ஆகவே எல்லாவற்றிலும் படிக்கட்டு விழும். செங்குத்தான பரப்பில் அது தெரியாது. நெற்றி, தோள், வயிறு போல மெல்லச் சரியும் பரப்பில் நிலவரைபடத்தின் உயரக்கோடுகளைப் போலத் தெளிவாகத் தெரியும். சிற்பி மிகுந்த கவனத்தோடு இழைத்த இடங்களும் இவையே. அச்சுப்பொறிக்குக் கொடுக்கும் எஸ்.டி.எல். கோப்பில் முக்கோணங்களின் பட்டியலைத் தவிர ஏதும் இல்லை. நிறம் இல்லை. அலகும் இல்லை; 517 என்று இருந்தால் அது மில்லிமீட்டரா சென்டிமீட்டரா என்று கோப்பு சொல்லாது. தாவீதின் உயரத்தை நூல்கள் தவறாகச் சொன்னதைப் போல, ஒரு கோப்பும் தன் கையில் உள்ள சிலையின் உயரத்தை அறியாமல் கைமாறிக்கொண்டிருக்கலாம்.

2020 டிசம்பரில் தாவீது மீண்டும் அளக்கப்பட்டது, இம்முறை அச்சிடுவதற்காக. ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தின் கிராசியா துச்சி தலைமை தாங்கினார். துபாய் உலகக் கண்காட்சியின் இத்தாலிய அரங்குக்கு முழு அளவுத் தாவீது ஒன்று வேண்டியிருந்தது. அக்ரிலிக் பிசினில் 14 துண்டுகளாக அச்சிட்டு இணைத்தார்கள். வடிவத்தில் அதற்குக் குறை சொல்ல முடியாது. லெவாய் காலத்துக் கருவிகளைவிட இவை துல்லியமானவை. ஆனால் அச்சுப்பொறியிலிருந்து வந்த உருவத்தின் மேல் விழுந்த ஒளி மேற்பரப்போடு திரும்பிவிட்டது. வடிவம் தாவீது, பொருள் பிளாஸ்டிக். சிலை மீட்டமைப்பாளர் நிக்கோலா சால்வியோலியும் அவருடன் இருந்தவர்களும் பளிங்குத் தூளைப் பசையில் குழைத்து அதன் மேல் பூசினார்கள். அசலின் கறைகளையும் நரம்புகளையும் நிறவேறுபாடுகளையும் கையால் தீட்டினார்கள். ஸ்கேனர் 40 மைக்ரோமீட்டர் பிழையாகக் கணக்கில் கழித்துவிட்ட அந்த வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர, பழகிய கண்ணும் தூரிகையும் வேண்டியிருந்தன. கணினி சேர்க்காத விவரத்தை அச்சுப்பொறி தர முடியாது. பளிங்கின் உள்ளொளி எந்த முக்கோணத்திலும் பதிவாகவில்லை.

இப்படி உருவான கோப்பு யாருக்குச் சொந்தம்? கல் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. வெளியே போவது எண்கள் மட்டும். இத்தாலிய அதிகாரிகள் லெவாய்க்கு அனுமதி கொடுத்தபோது வணிகம் கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். ஸ்டான்ஃபர்டு அதனால் கோப்பைத் தராமல் படத்தை மட்டும் காட்டும் ஒரு மென்பொருளையே எழுதியது. பெர்லினில் உள்ள எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலையில் இந்தச் சிக்கல் முற்றியது. 2015 இறுதியில் நோரா அல்-பத்ரி, நிகோலாய் நெல்லஸ் என்ற இரு கலைஞர்கள், கணினி விளையாட்டுக்கான ஒரு கேமராவை மறைத்துக் கொண்டுபோய்ச் சிலையை ஸ்கேன் செய்துவிட்டதாக அறிவித்து, கோப்பை எல்லோருக்கும் வழங்கினார்கள். வல்லுநர்கள் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தக் கருவியால் இது முடியாது என்றார்கள். கருவி ஒவ்வொன்றும் தனக்கே உரிய வகையில் பிழை செய்யும். மலிவான கேமராவின் கரடுமுரடு அந்த மாதிரியில் இல்லை. காஸ்மோ வென்மன் என்ற அமெரிக்கக் கலைஞர் வேறு வழியில் போனார். அருங்காட்சியகத்தின் சொந்த ஸ்கேனைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு மூன்று ஆண்டுகள் விடாமல் எழுதினார். நினைவுப்பொருள் கடையின் வருமானம் கெடும் என்று மறுத்துப் பார்த்த பிரஷ்யப் பண்பாட்டு அறக்கட்டளை கடைசியில் கொடுத்தது. 2019இல் அவர் அதை வெளியிட்டபோது, மாதிரியின் அடிப்பகுதியில் பயன்பாட்டு நிபந்தனை வாசகம் செதுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. 3,300 ஆண்டுப் பழமையான ஒரு முகத்தின் அளவுகளைப் பொதுப் பணத்தில் எடுத்துப் பூட்டி வைப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பூட்டிய கோப்பு தீயிலும் வெள்ளத்திலும் ஒரே இடத்தில் அழியும். பலரிடம் உள்ள கோப்பு அழியாது.

மாட்ரிடில் ஃபாக்டம் ஆர்ட்டே நிறுவனத்தை நடத்தும் ஆடம் லோவின் குழு, 2004இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அசிரியச் சிற்பங்களை ஸ்கேன் செய்தது. மனிதத் தலையும் இறக்கையும் கொண்ட காவல் உருவங்கள் இரண்டு அவற்றில் அடங்கும். முன்னிருந்து பார்த்தால் நிற்பது போலவும் பக்கத்திலிருந்து பார்த்தால் நடப்பது போலவும் தெரிய வேண்டும் என்று அசிரியச் சிற்பி ஐந்து கால்கள் வைத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்டன் ஹென்றி லேயார்ட் நிம்ரூடின் அரண்மனையிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோனவை. நிம்ரூடிலேயே எஞ்சியிருந்த சிற்பங்கள் 2015இல் தகர்க்கப்பட்டபோது, பதினோரு ஆண்டு முன்பு எடுத்த அந்தக் கோப்புக்கு அதுவரை யாரும் நினைக்காத வேலை வந்தது. லண்டன் இணையின் முழு அளவு நகல்கள் உருவாகி, 2019இல் மோசுல் பல்கலைக்கழக வளாகத்தில் நிறுவப்பட்டன. ஈராக்கிலிருந்து போன கல் இன்னும் லண்டனில் இருக்கிறது. அதன் அளவுகள் மட்டும் ஊருக்கு வந்திருக்கின்றன. நகல் கிடைத்ததால் கணக்கு தீர்ந்துவிட்டது என்று லண்டன் சொல்ல முடியாது.

அதே மோசுல் நகரில், உடைபட்ட அருங்காட்சியகத்துக்குள் லூவ்ர் நிபுணர்களும் ஈராக்கிய மீட்டமைப்பாளர்களும் சேர்ந்து, சம்மட்டிக்குத் தப்பிய துண்டுகளைத் தரம் பிரித்து வருகிறார்கள். ஆப்பெழுத்து உள்ள துண்டுகளில் வரியின் தொடர்ச்சி இடத்தைச் சொல்லிவிடுகிறது. எழுத்து இல்லாத துண்டுகளுக்கு உடைந்த விளிம்பின் வடிவமும் கல்லின் நிறமும்தான் துணை. பழைய படங்களிலிருந்து அச்சிட்டெடுத்த சிங்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் ஒட்டிக்கொண்டிருப்பது அசல் கல் சிங்கத்தை.